ஜன்னல் இல்லாத பட்டுக் கடை

இன்று திறப்பு விழாவுக்குப் போன இடத்தில், நானே பிளான் வரைந்து கொடுத்த பட்டுக் கடைக்குள் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன்.

கரண்ட் போனது. தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அசையவில்லை. அதைக் கையால் திறக்கும் சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. அவர் எதிர் டீக்கடையில் இருந்தார். ஏசி குளிர்ச்சி வீணாகக் கூடாதென்று நான் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை.

உள்ளே வாலாஜாபாத்திலிருந்து வந்த கல்யாணக் கூட்டம். பெண்ணின் அம்மா முகூர்த்தப் புடவையும் கையுமாகக் கதவருகே நின்றார்.

"வெளிய எடுத்துக்கினு போய்ப் பாக்காம எப்பிடிப்பா கலரு தெரியும்? இந்தக் கண்ணாடியில எல்லாமே நீலமா இருக்குது!"

வெயிலைத் தடுக்கும் அந்த நீலக் கண்ணாடியும் என் யோசனைதான். உதவுகிற நினைப்பில் வாயை விட்டேன்.

"பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியா நல்ல வெளிச்சம் வருதும்மா."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"முகூர்த்தப் பொடவைய பாத்ரூம்லயா பாக்கச் சொல்ற? யாருப்பா இந்தக் கட்டடத்தக் கட்டனது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் டீக்கடையைப் பார்த்தேன்.

கதவு திறந்ததும் புடவைக்கு முன்னால் வெளியே வந்தது நான்தான்.

புதிதாகக் கடை கட்டுகிறவர்கள் சொல்லுங்கள். ஜன்னல் வைத்தே வரைந்து தருகிறேன். திறப்பு விழாவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.