நௌ தோ க்யாரா

சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து, காலை ஆறேகாலுக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறினேன். மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டி, ஏறக்குறைய அறுபத்தைந்து கிலோமீட்டர். என் தோழி செல்வியின் வயலில் அன்று சம்பா நடவு. செல்வி அங்கே பள்ளி ஆசிரியை. கூலிக்கு நட்ட குடும்பத்திலிருந்து வந்து, சொந்தமாக நிலம் வாங்கியவர்.

இறங்கும் முன்பே அவர் அழைத்தார்.

"நடவுக்கு பீகார் ஆளுங்க வந்திருக்காங்க. இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க போல. மேஸ்திரி தினேஷ் இப்பத்தான் போன்ல 'நௌ, தோ, க்யாரா'ன்னாரு. ஒம்பது, ரெண்டு, பதினொண்ணு! இந்தி எண்ணெல்லாம் எனக்குத் தெரியும். பதினோரு பேருக்கு இட்லி வாங்கிட்டு வந்துடு."

வாங்கினேன். சவூதியில் பல வருடம் இருந்து, இந்தியும் பழகித் திரும்பிய பஷீர் பாயின் ஆட்டோவில் வயலுக்குப் போய் இறங்கினால், வரப்பில் எட்டுப் பேர்தான் நின்றார்கள். யாரும் சேற்றில் கால் வைக்கவில்லை. பறித்துக் கட்டிய நாற்று முடிகள் வெயிலில் கிடந்தன. தினேஷ் கண்கலங்கி மறுபடியும் அதையே சொன்னார்: "முன்னா நௌ தோ க்யாரா ஹோ கயா."

பஷீர் பாய் சிரித்துவிட்டார்.

"டீச்சர், அது கணக்கு இல்லீங்க. ஆள் ஓடிட்டான்னு அர்த்தம். நாம கம்பி நீட்டிட்டான்னு சொல்றோம்ல, அதான்."

செல்வியின் முகம் வாடிப்போனது. முன்னா தினேஷின் தம்பி. எந்நேரமும் போனில் இருக்கிறான் என்று முந்தின நாள் அண்ணன் திட்டியிருக்கிறார். தம்பி கோபித்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டான் என்று பயந்து தினேஷ் உடைந்து நிற்க, மற்றவர்களுக்கும் கை ஓடவில்லை.

பஷீர் பாய் திடீரெனத் தலையில் அடித்துக்கொண்டார்.

"காலையில ஒருத்தர் 'சமுந்தர், சமுந்தர்'னு கேட்டாருங்க. கடலுக்குத்தான் வழி கேக்குறாருன்னு நான்தான் வேதாரண்யம் பஸ்ல ஏத்திவிட்டேன்!"

தினேஷுக்கு உயிர் வந்தது. மற்றவர்களைச் செல்வியின் பொறுப்பில் நடவில் இறக்கிவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம்.

வேதாரண்யம் கடலில், முழங்கால் வரை நனைந்து நின்றிருந்தார் முன்னா. கையில் போன். திரையில் அவர் மனைவி. மனைவியின் பின்னால் பாதி ஊரே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீரை அள்ளிச் சுவைத்து, முகத்தைச் சுளித்துக் காட்டினார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"திட்டப் போறாரு" என்று நான் முணுமுணுத்தேன்.

தினேஷ் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். ஒரு அலை வந்து காலைத் தொட்டதும் துள்ளிப் பின்வாங்கித் தம்பியின் தோளைப் பற்றிக்கொண்டார். அவரும் கடலைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. நாற்றின் அவசரம் தெரிந்தும், கொஞ்ச நேரம் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

இருட்டுவதற்குள் நடவு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மீதிப் பேரும் கடலுக்குப் போக வேன் பேசியாகிவிட்டது. செல்வியும் போகிறாராம்.

சென்னையில் என் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். கடைசியாக எப்போது போனேன் என்று திரும்பும் பேருந்தில் யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவேயில்லை.