செல்வராசா பேரில் ஒரு பிண்டம்

தை அமாவாசையன்று விடிகாலை நாலரை மணிக்குக் கடலாடியில் பைக்கை எடுத்தேன். என்னைப் பெற்ற அய்யா போய்ச் சேர்ந்து நாலு வருஷம். வீட்டிலேயே எள்ளும் தண்ணியும் இறைத்துக் கடமையை முடித்துவிடுகிற ஆள் நான். இந்த வருஷம் ராமேஸ்வரத்துக்கே போய்த் திதி கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரி கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறை. ராமநாதபுரம் வந்து, அங்கிருந்து இன்னும் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். உச்சிப்புளி தாண்டும்போது கிழக்கே வெளுத்தது. உப்புக்காற்றில் முகமெல்லாம் பிசுபிசுப்பு.

ஆறரை மணி. மண்டபம் அகதி முகாமுக்குச் சற்று முன்னால் ‘செல்வராசா தேநீர்க் கடை’ என்ற பலகையைப் பார்த்து நிறுத்தினேன். திதி கொடுக்கும்வரை பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படக் கூடாது என்பாள் வீட்டுக்காரி. அவள் கடலாடியில் இருந்தாள், நான் மண்டபத்தில் இருந்தேன். பாலில்லாத தேநீர் ஒன்று, பத்து ரூபாய்.

ஆற்றிக் கொடுத்தவர் அறுபது வயது அம்மாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. எனக்கு வாய் சும்மா இருக்காது. செல்வராசா யார் என்று கேட்டேன். அவருடைய வீட்டுக்காரராம். இருவருமாகத் தலைமன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். அங்கே சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த சமயத்தில், வீடு என்ன கதியில் கிடக்கிறதென்று பார்த்து வர அவர் மட்டும் மறுபடி படகேறியவர்தான். இருபது வருஷத்துக்கு மேலாயிற்று, ஒரு தகவலும் இல்லை. பிள்ளையும் இல்லை. திரும்பி வந்தால் தன்னைத் தேடி அலையக் கூடாதென்று அவர் பேரையே பலகையில் எழுதி வைத்திருக்கிறார். ஐயோ பாவம், இன்னுமா நம்பிக்கொண்டிருக்கிறது இந்த அம்மாள் என்று நினைத்தபடி கிளம்பினேன்.

பாம்பன் பாலத்தில் காற்று பைக்கைச் சாய்க்கப் பார்த்தது. எட்டு மணிக்கு அக்னி தீர்த்தம். ஏகக் கூட்டம். ஈர வேட்டியோடு உட்கார்ந்து ஐயரிடம் சந்தேகம் கேட்டேன்: அய்யா இதற்குள் எங்காவது மறுபிறவி எடுத்திருந்தால் இந்தச் சோறு யாருக்கு? மாடாகப் பிறந்திருந்தால் புல்லாகவும், பறவையாகப் பிறந்திருந்தால் தானியமாகவும் போய்ச் சேருமாம். இந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கடைசியில், வேண்டியவர்கள் வேறு யாராவது இறந்திருந்தால் பேர் சொல்லச் சொன்னார். “செல்வராசா” என்றேன். கொள்ளி வைக்கப் பிள்ளையில்லாத மனுஷன், பசியோடு எங்கே அலைகிறாரோ! என் இளகிய மனசை நானே மெச்சிக்கொண்டேன். பிண்டங்களை மணலில் வைத்து விலகினேன். அய்யாவுடையது அப்படியே கிடக்க, செல்வராசாவுடையதைக் காக்கை வந்த வேகத்தில் கொத்திக்கொண்டு போயிற்று.

தனுஷ்கோடி போகிற உத்தேசம் இருந்தது. போகவில்லை. இந்த நல்ல சேதியைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பதினொன்றரைக்கு மறுபடி அதே கடை. “அக்கா, அண்ணன் பேர்ல பிண்டம் வச்சிட்டேன். காக்கா ஒடனே எடுத்துருச்சு. இனி அவுகளுக்குப் பசியில்ல” என்றேன்.

அவர் பால்சட்டியை இறக்கி வைத்தார். “அமாவாசைக்கு அம்மா அப்பாவுக்குத்தான் காகத்துக்கு வைக்கிறனான். அவருக்கு ஒருநாளும் வைச்சதில்லை” என்றார். பிறகு மெதுவாக, “காகம் எடுத்ததெண்டால்... அவர் வந்தவரோ, தம்பி?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்சாதி பொட்டோடு காத்திருக்க, போகிற போக்கில் அவள் புருஷனைச் செத்தவர்கள் வரிசையில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஐயரிடம் கேட்டதை வைத்துச் சமாளிக்கப் பார்த்தேன்: “உசுரோட இருந்தாலும் சோறாப் போய்ச் சேரும்க்கா.”

“உயிரோட இருக்கிறவருக்குச் சோறு நான் போடுவன். நீங்கள் ஏன் போட்டனீங்கள்?”

குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மன்னிச்சுக்கங்க என்றேன். அடுத்து வந்தவருக்கு டீ ஆற்றத் திரும்பியவர், ஒருதரம் பொட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பைக்கை எடுத்தேன்.

இரண்டு மணிக்கு வீடு. வீட்டுக்காரி படையலை முடித்துக் காத்திருந்தாள். மதில் மேல் ஒரு கவளம் வைத்துக் ‘கா கா’ என்று கூப்பிட்டாள். உடனே ஒன்று வந்து உட்கார்ந்தது.

“மாமா வந்துட்டாக, பாத்தீகளா” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

நாலு வருஷமாக நானும் அப்படித்தான் நம்பி வந்தேன். இன்று, அக்னி தீர்த்தத்தில் செல்வராசா பிண்டத்தைக் கொத்தியது வெறும் காக்கையாக, பசித்த காக்கையாக மட்டும் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். அப்படியானால் மதில் மேல் தின்றுகொண்டிருப்பதும் அய்யா இல்லை. பரவாயில்லை. அய்யா கோபித்துக்கொள்ளட்டும்.