மகளுக்கு மட்டும் சொல்லாதது

கல்முனையில் யாருடைய பிள்ளைக்கு மெடிசின் கிடைத்தாலும், பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக அந்தச் செய்தி ஸலாஹுதீனுக்குத்தான் போய்ச் சேரும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவர் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். பரீட்சையின் ரிசல்ட் வந்த மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே நாலு பேர் படிக்கட்டில் நிற்பார்கள். எல்லோர் கையிலும் போன், போனில் பிள்ளையின் படம். தமிழில் என்ன போட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் இங்கிலீசில் ஒரு வரி இல்லாத பேனரை இந்தக் கரையில் யாரும் பேனராகவே மதிப்பதில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் ஆட்கள் அவரைத் தேடி வருவார்கள்.

அவரும் அந்த வரியை ஏனோதானோ என்று போடுகிறவரல்ல. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் என்றால் 'வெல் டன்' போதும் என்பார். மூன்றாம் தடவை எழுதி ஒருவழியாகக் கரையேறியவனுக்கு 'யூ டிட் இட்'. அதைப் போடும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு குறும்பு இருக்கும். மெடிசின், இன்ஜினியரிங் என்று போனால்தான் 'வீ ஆர் ப்ரவுட் ஒஃப் யூ' வெளியே வரும். பணக்கார வீட்டுப் பிள்ளை என்பதற்காக ஒரு படி கூட்டிப் போடமாட்டார். ஒருமுறை பெரிய முதலாளி ஒருவர் மகனின் சாதாரண டிப்ளோமாவுக்கு அந்த வரியைக் கேட்டு மல்லுக்கு நின்றார். "அதுக்கு 'கீப் இட் அப்'தான் ஹாஜியார், அதுக்கு மேல ஏறாது" என்று சொல்லிவிட்டு ஸலாஹுதீன் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இந்த இங்கிலீஸ் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. இருபத்திநாலு வயதில் சவூதிக்குப் போய், ஜுபைலில் ஒரு கம்பனி அலுவலகத்தில் ஆறு வருஷம் தேநீர் கொடுத்தார். அங்கே ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் மனேஜராக இருந்தார். ஒருநாள் பழுதாகிக் கிடந்த போட்டோக்கொப்பி மெஷினை ஸலாஹுதீன் தட்டிக்கொட்டி ஓட வைத்தபோது, அந்த மனிதர் தோளில் கை வைத்து, "ஐ ஏம் ப்ரவுட் ஒஃப் யூ" என்றார். ஸலாஹுதீன் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வயல் பார்த்த அவருடைய வாப்பா வாழ்நாளில் மகனுக்குச் சொன்ன ஆகப் பெரிய பாராட்டு "பரவால்ல" என்பதுதான். அதையும் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகு, பட்ட கடனைத் திருப்பிக் கொடுப்பதுபோல அந்தச் சொல்லை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். பலசரக்குக் கடைக்காரரின் மகள் வங்கியில் சேர்ந்தால் வீட்டு வாசலில் நின்று சொல்வார். இடியப்பம் அவித்து விற்கும் பெண் ஒரு மாவரைக்கும் மெஷின் வாங்கினால், சைக்கிளை நிறுத்தி "வெரி ப்ரவுட் ஒஃப் யூ ராத்தா" என்பார். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். "தமிழ்ல சொன்னா முகஸ்துதி மாதிரி இரிக்கும், நாவூறும் படும். இங்கிலீசில சொன்னா ஒண்டும் படாது" என்று அவரே அதற்கொரு சட்டமும் வைத்திருந்தார். நாவூறு என்பது இங்கே சின்ன விஷயமல்ல. ஒரு பிள்ளையை வாய்நிறையப் புகழ்ந்துவிட்டால், புகழ்ந்த நாக்கே அந்தப் பிள்ளைக்குக் கேடு கொண்டுவரும் என்பது தாய்மாரின் பயம்.

இவ்வளவும் சொல்கிற மனிதர் தன் சொந்த மகள் சஹ்லாவுக்கு அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. இங்கிலீசிலும் இல்லை, தமிழிலும் இல்லை.

காரணம் இருந்தது. சஹ்லாவுக்கு முன்னே ஓர் ஆண் பிள்ளை, முன்ஸிப் என்று பெயர். மூன்று வயதில், குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹா சூறாவை ஓர் எழுத்துப் பிசகாமல் ஓதினான். ஸலாஹுதீன் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குக் கடை ஏறி இறங்கினார். "ஓதிக் காட்டு மனே" என்பார். பிள்ளை ஓதும். "என்ட மகனப்போல ஒரு புள்ள இந்த ஊரில இரிக்கா?" என்று கேட்பார். அந்தக் கிழமையே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மௌத்தாகிவிட்டான். மையித்து வீட்டில், பெண்கள் கூடியிருந்த அறையிலிருந்து மனைவியின் சின்னம்மா முறையான சாச்சி சொன்னது அவர் காதில் விழுந்தது. "ஆருட கண்ணும் இல்ல, பெத்தவன்ட நாக்குத்தான்." சாச்சி அதை மறந்தே போயிருப்பாள். ஸலாஹுதீன் மறக்கவில்லை. மூளைக்காய்ச்சல் என்று டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டுத் தாளை அவரே வாசித்தவர். அறிவுக்குத் தெரியும். நாக்குக்குத் தெரியவில்லையே, என்ன செய்ய?

அதனால் சஹ்லா பிறந்தபோது அவர் ஒரு முடிவு எடுத்தார். இந்தப் பிள்ளையை எந்தப் பாஷையிலும் தன் வாயால் தொடுவதில்லை. அவள் புலமைப்பரிசில் பாஸாகி ரிசல்ட்டோடு ஓடிவந்தபோது, தாளைப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்டார். ஓ.எல். பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தபோதும் அதே கேள்விதான். மற்றபடி அவர் செய்யாதது ஒன்றுமில்லை. சனிக்கிழமைதோறும் அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றி அக்கரைப்பற்றுக்குக் கணித டியூஷனுக்குக் கொண்டுபோவார். நாலு மணித்தியாலம் வெயிலில் காத்திருந்து கூட்டி வருவார். பிள்ளைகளுக்கு இது விளங்கும் என்று தகப்பன்மார் நினைக்கிறார்கள். எங்கே விளங்குகிறது? காத்திருந்த மணித்தியாலங்களை எந்தப் பிள்ளை எண்ணிப் பார்த்திருக்கிறது? வாயால் சொன்னதைத்தான் அது கேட்கிறது.

ஏ.எல். ரிசல்ட்டில் சஹ்லாவுக்குப் பேராதனையில் இன்ஜினியரிங் கிடைத்தது. அந்தக் கிழமை ஸலாஹுதீன் பதினாலு பேனர் அடித்தார். சஹ்லா பின்னேரம் கடைக்கு வந்து, ஓரங்களில் கயிறு கட்டும் வளையம் அடிக்க உதவி செய்தாள். ஒவ்வொன்றையும் விரிக்கும்போது அதிலிருக்கும் முகத்தைப் பார்ப்பாள், பிறகு மடிப்பாள். கடைசிப் பேனரும் முடிந்தது.

"எனக்கு எந்தக் கலர்ல அடிக்கப் போறீங்க வாப்பா?" என்று கேட்டாள். விளையாட்டுப்போலத்தான் கேட்டாள்.

"உனக்கென்னத்துக்கு மகள் பேனர்?"

"சும்மாதான் கேட்டன்."

அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் மனைவி நுபைலா அன்று அவரோடு சண்டை பிடித்தாள். "ஊருப் புள்ளைகளுக்கெல்லாம் நீங்கதான் வாப்பா. என்ட புள்ளைக்கு ஆரு?" என்று கேட்டாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குத் தொழப் போய்விட்டார். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பயத்துக்கே ஓர் உருவம் கொடுத்தமாதிரி ஆகிவிடும் என்று பயந்தார். சாச்சியின் வார்த்தையை அவர் நுபைலாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்தச் சண்டை நடந்து இப்போது பன்னிரண்டு வருஷமாகிறது.

சஹ்லா படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள், பிறகு மேற்படிப்புக்கு மெல்பேர்ன் போனாள். கரையைக் கடல் தின்பதைப் பற்றிய ஆராய்ச்சி. நம் ஊர்க் கரையில் தென்னைகள் வேரோடு சாய்வதைப் பார்த்து வளர்ந்தவள். அவள் போன் எடுப்பாள். சுகமா, மருந்து குடித்தீர்களா, மழை பெய்ததா என்று கேட்பாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் அடக்கமான பிள்ளை என்று ஸலாஹுதீன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இந்த வருஷம் பாண்டிருப்பிலிருந்து புண்ணியமூர்த்தி வந்தார். ஸலாஹுதீனை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிறவர். வயல் செய்கிற மனிதர், அறுபது வயது. மகள் மேனுஜா தாதியர் பட்டம் முடித்திருந்தாள். பேனர் வேண்டாம், ஒரு சின்ன அட்டை போதும் என்றார்.

"அட்டை இரிக்கட்டும் அண்ணன். மகளுக்கு வாயால சொன்னீங்களா?" என்று ஸலாஹுதீன் கேட்டார்.

"என்னத்தச் சொல்ற காக்கா? எனக்கு அப்பிடியெல்லாம் கதைக்க வராது."

ஸலாஹுதீன் விடவில்லை. கதிரையில் இருத்தி, தேநீர் வாங்கிக் கொடுத்து, அந்த இங்கிலீஸ் வரியை மூன்று தரம் சொல்ல வைத்தார். புண்ணியமூர்த்தி வியர்த்துப்போனார். பிறகு வாசலுக்குப் போய் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்று, மகளுக்குப் போன் எடுத்தார். "ஐ ஏம் ப்ரவுட் ஒஃப் யூ, மகள்" என்று சொன்னது உள்ளே கேட்டது. அதன் பிறகும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது அந்த மனிதரின் முகம் பார்க்கிறமாதிரி இல்லை.

"பிள்ளை அழுகிறாள் காக்கா. இவ்வளவு நாளும் ஏன் சொல்லாம இரிந்தன் எண்டு தெரியல்ல" என்றார்.

ஸலாஹுதீன் அன்று அட்டைக்குக் காசு வாங்கவில்லை. பகல் சாப்பாட்டுக்கும் வீட்டுக்குப் போகவில்லை.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஊர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர் சப்ரி கடைக்கு வந்தார். வாயெல்லாம் பல். போனை எடுத்து மேசையில் வைத்தார். அதில் கறுப்பு அங்கியும் தலையில் முக்காடுமாக சஹ்லா நின்றாள், கையில் ஒரு கண்ணாடிக் கேடயம்.

"எங்கட மச்சான் மெல்பேர்ன்ல இருந்து அனுப்பினான் காக்கா. கம்பஸில அந்த வருஷத்து முதல் ஆராய்ச்சிப் பரிசு, டொக்டர் பட்டமும் முடிஞ்சிரிக்கி. நீங்க ஒரு வார்த்த சொல்லல்ல பாருங்க. நாங்க சந்தியில பெரிசா ஒண்டு கட்டப்போறம்."

"ஓம், ஓம்" என்றார் ஸலாஹுதீன். தெரிந்தவர்போல தலையை ஆட்டினார். படத்தின் கீழே தேதி இருந்தது. இரண்டு மாதத்துக்கு முந்தியது.

"வரிய நீங்களே போடுங்க. உங்கட மகள்தானே" என்றார் சப்ரி.

அவர் போட்டார். கைக்குப் பழகிய வரி, யோசிக்கவே தேவையில்லை. வீ ஆர் ப்ரவுட் ஒஃப் யூ. அதன் கீழே சங்கத்தின் பெயர், தலைவர் பெயர், செயலாளர் பெயர், பொருளாளர் பெயர். மெஷினிலிருந்து மகளின் முகம் நெற்றி, கண், மூக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருவதை அவர் நின்று பார்த்தார். அவள் எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்பதைப் பன்னிரண்டு அடிப் பேனரில்தான் கண்டார்.

வீட்டில் நுபைலா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும். அவதான் உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டா. 'சொன்னா வாப்பா சாப்பிட்டியா எண்டு கேப்பார். அதத் திரும்பவும் கேட்டுத் தாங்க எனக்கு ஏலா உம்மா' எண்டு சொன்னா."

ஸலாஹுதீன் முற்றத்தில் போய் நின்றார். பிள்ளையை நாவூறிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று முப்பது வருஷம் நினைத்திருந்தார். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள், ஆனால் அவருக்கு இல்லை.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல், ஷட்டருக்கு முன்னால் நின்றே மகளுக்கு எடுத்தார். அங்கே மதிய நேரம், சாப்பாட்டு இடைவேளை.

"வாப்பா? உம்மாக்கு ஒண்டுமில்லையே?" அவர் தானாக எடுத்தால் கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்பது அவள் கணக்கு.

"ஒண்டுமில்ல மகள். சந்தியில உன்ட பேனர் கட்டியிரிக்காங்க. நான்தான் அடிச்சன்." பிறகு சொன்னார். "சஹ்லா, ஐ ஏம் வெரி ப்ரவுட் ஒஃப் யூ."

தடங்கலில்லாமல் வந்தது. நல்ல உச்சரிப்பு. ஆயிரம் பேருக்குச் சொன்னது அல்லவா?

புண்ணியமூர்த்தியின் மகளைப்போல இவளும் அழுகிறாள் என்று நினைத்து அவர் காத்திருந்தார்.

"வாப்பா," என்றாள் அவள், கோபமில்லாமல், மிக மெதுவாக. "இது நீங்க கடையில ஆக்களுக்குச் சொல்ற குரல். சின்னதில இருந்து கேட்டிரிக்கன். எனக்கு அது வேணாம் வாப்பா. தமிழ்ல சொல்லுங்க. என்ன வார்த்தையெண்டாலும் சரி, ஒரு வார்த்த. எனக்கு மட்டும்."

வார்த்தை இல்லாமலில்லை. என்ட கிளியே, உன்னப்போல ஒரு புள்ள இந்த ஊரில இல்ல என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வந்ததும் அது யாருக்குச் சொன்ன வார்த்தை என்று அவருக்கு விளங்கியது. தோளில் அந்தச் சின்னப் பாரம், ஓதும் அந்த மழலை, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். கடல் கடந்து, தனியே, தன் கை எட்டாத ஊரில் இருக்கிற பிள்ளை இவள். யா அல்லாஹ், இவளையும் எடுத்துவிடாதே என்று மனம் கதறியது.

"அங்க மழையா மகள்?" என்று கேட்டார்.

"ஓம் வாப்பா, மழைதான்" என்றாள். "எனக்கு மீட்டிங் இரிக்கி. வைக்கிறன்."

"சரி மகள். சாப்பிட்டியா?"

போன் ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. சந்தியில் பேனரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அன்று முழுக்கக் கடைக்குள் நுழைந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதற்குப் பிறகு சஹ்லா எடுத்த அழைப்புகளெல்லாம் உம்மாவின் நம்பருக்குத்தான் வந்தன.