கஸ்தூரியம்மாவின் மூன்று சீசாக்கள்

“சிஸ்டர், இந்த பாட்டில்ல ஏன் இவ்ளோ மிச்சம் இருக்கு?”

டாக்டரம்மா தூக்கிக் காட்டியது ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து. டிஸ்சார்ஜ் ஆன ஒரு வாரத்தில் முக்கால்வாசி தீர்ந்திருக்க வேண்டியது. எதிரே கஸ்தூரியம்மா கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். மயிலாப்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் வார்டு சிஸ்டராக இருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த பிறகு, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

கஸ்தூரியம்மா நந்தனத்தில் இட்லிக் கடை போட்டிருந்தவர். ஆற்றோர வீட்டைக் காலி செய்த பிறகு பெரும்பாக்கத்தில் அரசு கொடுத்த அடுக்குமாடி வீட்டில் மகளோடு இருந்தார். ஒரு கண் சின்ன வயதிலேயே அடிபட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணின் கருவிழியை ஹெர்பீஸ் வைரஸ் வெள்ளையாக்கிவிட்டது. தானமாக வந்த கருவிழியை இரண்டு முறை வைத்தும் நிற்கவில்லை. கடைசி வழியாகச் செயற்கைக் கருவிழி வைத்தார்கள். அது தங்க வேண்டுமானால் ஆன்டிபயாடிக் சொட்டை ஆயுசுக்கும் விட வேண்டும். தவறினால் கிருமி புகுந்து கண்ணே போகலாம். வைரஸ் வந்த கண்ணுக்கு வலியும் சரியாகத் தெரியாது.

கட்டைப் பிரித்ததும் அவர் முதலில் பார்த்தது என்னைத்தான். “இன்னா சிஸ்டரு, கொரல கேட்டு ஒல்லியா இருப்பேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார். வார்டே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

இனி என் சாதனைக்கு வருகிறேன். பார்வை இல்லாத நாட்களில் அவர் சீசாக்களுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஆன்டிபயாடிக்குக்கு ஒன்று, வீக்கத்துக்கான சொட்டுக்கு இரண்டு, கண் பிரஷர் சொட்டுக்கு மூன்று. மூன்று சீசாவும் ஒரே அளவு, ஒரே வெள்ளை. டிஸ்சார்ஜ் அன்று நான் கத்தரிக்கோலோடு போனேன்.

“கஸ்தூரியம்மா, இனிமே இதெல்லாம் எதுக்கு? அதான் கண்ணு வந்துடுச்சே.”

ஒவ்வொன்றாக வெட்டினேன். டிரெய்னிங்குக்கு வந்த இரண்டு பெண்கள் கை தட்டினார்கள். என் அழகான கையெழுத்தில் லேபிள் எழுதி ஒட்டினேன். கையெழுத்து அழகு என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான்.

இப்போது டாக்டரம்மா அந்த சீசாவை நீட்டி, “சிஸ்டர் எழுதினத படிங்க” என்றார்.

கஸ்தூரியம்மா கையை நீட்டிப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். “பஸ் நம்பர் தெரியுது டாக்டரம்மா. நானே பாத்து ஏறி வந்தேன். தோ, காலண்டருல தேதி தெரியுது. கைல கீறதுதான் கலங்கலா கீது.”

தூரப் பார்வை வந்துவிட்டது. கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி பிறகுதான் எழுதுவார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. டிஸ்சார்ஜ் அன்று நான் எல்லோருக்கும் எடுக்கும் பாடத்திலேயே வரும்.

“டப்பால வரிசையா வெச்சிருந்தேன். மறுநாளே கவுந்திடுச்சி. அப்பறம் கைக்கு வந்தத வுட்டேன்.”

“பொண்ண கேட்டிருக்கலாமே?” என்றார் டாக்டரம்மா.

“கண்ணு வந்துடுச்சின்னு பிளாக் பூரா சொல்லி வெச்சிருக்கேன். சீசா எதுன்னு எப்படி கேக்குறது?”

எனக்கு ரோஷம் வந்தது. “அன்னிக்கே வெட்டாதீங்கன்னு சொல்லியிருக்கலாமே?”

“கத்திரிய எடுத்துக்கினு அவ்ளோ ஆசையா வந்தே. கண்ணு தெரியாதப்போன்னா சொல்லியிருப்பேன் சிஸ்டரு. உன் மூஞ்சி தெரிஞ்சிச்சே. அத்த பாத்துக்கினே எப்படி வேணான்னு சொல்றது?”

டாக்டரம்மா அட்மிஷன் எழுதினார். மணிக்கொரு தரம் சொட்டு. என் ஷிப்டில் ஒவ்வொரு சொட்டையும் நானே விட்டேன். நான்காம் நாள் சிவப்பு குறைந்தது. கண் தப்பியது.

இரண்டாவது டிஸ்சார்ஜுக்கு லேபிள் எழுதவில்லை. ரப்பர் பேண்டோடு போய் உட்கார்ந்து நானே போட்டு, சீசாக்களை அவர் கையில் கொடுத்தேன். “சரியா இருக்கா?” என்று கேட்டேன். அவர் தடவிப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இன்னா கட்டியிருக்கே? மூணாவது சீசால எல்லாம் லூசா கீது. கழட்டிட்டு ஒழுங்கா போடு.”

கழற்றி, ஒழுங்காகப் போட்டேன்.

அதன்பிறகு ரிட்டயர் ஆகும்வரை என் பாடம் பாதியாகக் குறைந்தது. “வீட்டுல எப்படி விடுவீங்க, சொல்லுங்க” என்று நோயாளியிடம் முதலில் கேட்பேன். கேட்டுவிட்டு, குனிந்து கேஸ் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மரியாதை தெரியாத சிஸ்டர் என்று புதிதாக வந்த பெண்கள் நினைத்திருப்பார்கள். என் மூஞ்சி தெரியாதவரை நோயாளிகள் உண்மையைச் சொன்னார்கள்.