பெருமாள் தடுத்த எண்ணெய்க் குளியல்

சென்ற புரட்டாசியில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் இடது கால் வீங்கியது. அவளுக்குக் குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கால் அவள் உயிரையே கொண்டுபோய்விடுமோ என்று பயந்தேன். என் பேச்சு எடுபடவில்லை. வேறு வழி தெரியாமல், சிங்கவரம் மலையில் பாறையில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளிடம் கேட்டேன், அவர் கொடுத்தார். எப்படிக் கொடுத்தார் என்பதைப் பஜனைக் குழுவில் இருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். கூட்டிச் சொல்ல எனக்கு வராது. நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீட்டு மாடியில், கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் உடற்பயிற்சி சொல்லித்தருகிறேன். சென்னையில் அதற்கென்று படித்துவிட்டு வந்தேன். ஆரம்பத்தில், வீட்டைப் பெருக்கினால் போதாதா, இதற்கு ஒரு கிளாஸா என்று சிரித்தார்கள். என் வகுப்பில் யாரும் குதிப்பதில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து எழுவோம். மூச்சை இழுத்து விடப் பழகுவோம். பேசிக்கொண்டே செய்ய முடிகிற அளவுதான் எல்லை. பேச்சு திணறினால் நிறுத்திவிட வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் பேச்சை விடுவதே இல்லை என்பதால் இந்த விதியைக் கண்காணிப்பது எனக்குச் சுலபம். டாக்டர் சரி என்று சொல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் தேன்மொழி. அவள் அப்பாவுக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை, ஜாக்கெட்டும் தைத்துக் கொடுப்பார்கள். வல்லம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தவள், ஐந்தாம் மாதத்திலிருந்து என்னிடம் வந்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்னாலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும். டாக்டர் சொன்னதும் அறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் உருவிவிடக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அவளுக்கு ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னது எதுவும் நடக்கவில்லை. அவள் அம்மா தனலட்சுமி அக்கா கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும் என்று அரை டம்ளர் அரை டம்ளராகக் கொடுத்தார். இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. அவருக்கு அவர் அம்மா அப்படித்தான் பார்த்தார். தனலட்சுமி அக்காவின் அன்பில் குறையே சொல்ல முடியாது. அதனால்தான் எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

தையல் ஆறட்டும் என்று எண்ணெய்க் குளியலை மட்டும் தள்ளிவைத்திருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் காய்ச்சி, தோளிலிருந்து கால்வரை அழுத்தி உருவி, பொறுக்க முடிகிற சூட்டில் அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றுவார்கள். அதற்கென்றே வீட்டுக்கு வருகிற ஒரு அம்மா இருக்கிறார். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நல்ல நாள் என்று குறித்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் மாலை தேன்மொழியின் குரல் என் போனில் வந்தது. "டீச்சர், எடது கெண்டக்காலு ரொம்ப வலிக்குது. நாளைக்கு ஆயில் போட்டு உருவினா சரியாப் பூடும்னு அம்மா சொல்றாங்க."

காலையில் முதல் வேலையாக அங்கே போனேன். போர்வையை விலக்கிக் காட்டினாள். இடது கால் பளபளவென்று வீங்கியிருந்தது. வலது கால் சாதாரணமாக இருந்தது.

"அக்கா, இத உருவக் கூடாது. உள்ள ரத்தம் கட்டியிருந்தாலும் இருக்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போங்க" என்றேன்.

தனலட்சுமி அக்கா எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ குந்து, எந்திரின்னு பண்ண வெச்சியே, அதுலதான் நரம்பு இழுத்துக்கினு இருக்குது. பச்ச ஒடம்பு. வெளிக்காத்து படக் கூடாது. உருவி ஊத்தினா சாயந்தரம் வத்திடும். நீ போம்மா, எங்களுக்குத் தெரியும்."

தேன்மொழி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் ஒரு பயிற்சிகூடச் செய்யவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

தெருவில் நல்ல கூட்டம். சிங்கவரம் மலைக்குப் போகிறவர்கள் நெற்றியில் நாமமும் கையில் துளசி மாலையுமாகப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நானும் அன்றைக்குப் போவதாகத்தான் இருந்தேன். ஆம்புலன்ஸுக்கு நானே போன் செய்யலாமா என்று யோசித்தேன். வாசலில் வந்து நிற்கிற வண்டியைத் தனலட்சுமி அக்கா திருப்பி அனுப்பிவிடுவார். தேன்மொழியின் வீட்டுக்காரருக்குப் போட்டேன், எடுக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. ஜூஸ் கடை ஓரமாக நின்று அழுதேன். நான் சாமானியமாக அழுகிற ஆள் இல்லை.

அங்கேயே நின்று கேட்டேன். "பெருமாளே, நீ பாறையில் படுத்திருப்பது உன் விருப்பம். இவளைப் பிடித்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். அவள் காலில் இன்றைக்கு யாரும் கை வைக்கக் கூடாது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். இனிமேல் நீ சொல்." இவ்வளவுதான் என் பிரார்த்தனை. ஸ்லோகம் ஒன்றும் வாயில் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஜூஸ் கடை மிக்சி நின்றது. அன்றைக்குப் பராமரிப்புக்காக மாலை வரை கரண்ட் கிடையாது. பேப்பரில் முன்னாலேயே போட்டிருந்தார்களாம். எங்கள் ஊரில் அதைக் கரண்ட் போன பிறகுதான் படிப்பார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய் அரிசியைக் களைந்தேன். வேலை ஓடவில்லை. அப்படியே போட்டுவிட்டு மறுபடி அவர்கள் வீட்டுக்குக் கிளம்பினேன். திட்டுவார்கள் என்று தெரிந்தேதான் போனேன்.

உள்ளே தனலட்சுமி அக்கா மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார். மேல் தொட்டி காலி. சமையலறையில் ஒரு குடம் தண்ணீர்தான் மிச்சம். குளிப்பாட்ட வந்த அம்மா, ஊற்றத் தண்ணீர் இல்லாமல் எண்ணெயில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கரண்ட் வந்ததும் ஆள் அனுப்பச் சொல்லிப் போயிருந்தார். கூடத்தில் தேன்மொழியின் அப்பா உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். விளக்கு இல்லாமல் புடவையின் நிறம் தெரியாது என்று கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருக்கிறார். கழுத்தில் அளவு டேப். அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

காலையில் சொன்னதையே அவரிடமும் சொன்னேன். தனலட்சுமி அக்கா நடுவில் புகுந்தார். அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"வீங்கியிருக்குது, வீங்கியிருக்குதுன்னா? எவ்ளோ வீங்கியிருக்குது?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே எழுந்து உள்ளே போனார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, டேப்பை உருவி, வலது கெண்டைக்காலைச் சுற்றி லேசாக வைத்து அளந்தார். பிறகு இடது கால். பிறகு மறுபடியும் வலது.

"தனம், ஒன்ற இன்ச்சு வித்தியாசம் இருக்குது."

"வீக்கம்னா அப்டித்தான் இருக்கும்" என்றார் தனலட்சுமி அக்கா.

"அர இன்ச்சு தப்பினாலே ஜாக்கெட்டத் திருப்பி எடுத்துனு வராங்க. இது ஒன்ற இன்ச்சு. ரெண்டுமே ஒரே ஒடம்பு."

அப்போதுதான் தேன்மொழி வாயைத் திறந்தாள். "நைனா, எனக்கு பயமா இருக்குது."

"வாம்மா, போலாம்" என்றார். அவ்வளவுதான். அவர் வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

செஞ்சியில் பார்த்த டாக்டர் காலைப் பார்த்ததுமே ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்பினார். தனலட்சுமி அக்காவும் நானும் கூடப் போனோம். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக இருந்தது. அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "யாராவது கால உருவிவிட்டீங்களா?"

"இல்ல சார், கரண்ட் இல்ல" என்றார் அப்பா.

டாக்டர் அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். பிறகு எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். ஆபரேஷனும் ஆகி, அசையாமல் படுத்தும் இருந்தால் இப்படி ரத்தம் கட்ட வாய்ப்பு அதிகம். அழுத்தி உருவியிருந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். போயிருந்தால் காப்பாற்றுவது கஷ்டம். தனலட்சுமி அக்கா இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஊசி போட்டார்கள். பிறகு பல மாதம் மருந்து தொடர்ந்தது. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்று டாக்டர் சொன்னது பெரிய ஆறுதல். கால் மெல்ல வடிந்தது. இன்றைக்குத் தேன்மொழி டாக்டர் அனுமதியோடு என் வகுப்புக்கு வருகிறாள். குழந்தை பாயின் ஓரத்தில் கிடந்து கையைக் காலை உதைக்கிறது. எங்கள் வகுப்பில் வேகமாகப் பயிற்சி செய்கிற ஒரே ஆள் அவன்தான்.

கரண்ட் நிறுத்துவது மின்சார வாரியம் முன்னாலேயே முடிவு செய்தது, அதில் பெருமாள் எங்கே வந்தார் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். உண்மைதான். நான் கேட்பதற்கு முன்னாலேயே அது முடிவாகிவிட்டது. நான் கேட்கப்போவதும் அவருக்கு முன்னாலேயே தெரியும் என்று நான் நம்புகிறேன். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு மாற்றம் செய்தேன். முன்பு கர்ப்பமான பெண்ணுக்கு மட்டும் சொல்லித்தருவேன். இப்போது பிரசவத்துக்குப் பிறகு அவளைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் கூட வர வேண்டும். அம்மாக்களும் மாமியார்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் சொல்வதில் பாதிக்குக் குறை சொல்கிறார்கள். மீதிப் பாதி காதில் விழுந்தால் போதும். பூண்டுக் குழம்பு கொடுங்கள், தூங்கவிடுங்கள், குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். பழைய வழக்கத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்வேன்.

தை மாதத்தில் ஒருநாள் தனலட்சுமி அக்கா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கூடவே மருமகள், ஐந்து மாதம். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் என்னிடம் சரியாகப் பேசியதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இவளயும் பாத்துக்கோ. புள்ள பொறந்தப்புறம் நான் மறுபடியும் எதுனா சொல்லுவேன். என் வாயி அப்டி. போன்னு சொன்னாலும் நீ போவாதே."

சரிக்கா என்றேன். மருமகளுக்கு ஒரு பாயை விரித்தேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் ஆபத்தில் இருந்து, நீங்கள் சொல்வதை யாரும் கேட்காமல் போகலாம். அப்போது பெருமாளிடம் கேளுங்கள். தெருவில் நின்று கேட்டாலும் அவருக்குக் கேட்கும். கேட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். உங்களைப் போகச் சொன்ன அதே வாசலுக்குத் திரும்பிப் போங்கள். அவர் உங்களுக்கு முன்னால் அங்கே போயிருப்பார்.