ஹாலில் பார்த்த தலைமை ஆசிரியை

என் கணவர் கோலார் தங்க வயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். குடியை விட எவ்வளவோ முயன்றும் அவரால் முடியவில்லை. எங்கள் ஊரின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு சர்ச் ஹாலில் குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஞாயிறுதோறும் கூடுகிறார்கள், குடும்பத்தாரும் போகலாம் என்று ஒரு நர்ஸ் சொன்னார். "தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா நான் திரும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கணவர் என்னோடு வந்தார்.

உள்ளே நுழைந்ததும் எதிரே எங்கள் மகளின் பள்ளித் தலைமை ஆசிரியை! கணவர் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார், போறீங்க? நானும் குடிச்சவதான். இங்க வந்துதான் நிறுத்தினேன். வாங்க, பக்கத்துல உக்காருங்க" என்றார் அந்த ஆசிரியை.

ஊரே மதிக்கிற அந்த அம்மா எழுந்து நின்று, காபி டம்ளரில் ஊற்றி யாருக்கும் தெரியாமல் குடித்த நாட்களை நிதானமாகச் சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இவ்வளவு தைரியம் ஒரு மனுஷிக்கு எங்கிருந்து வரும்! என் கணவர் குலுங்கி அழுதார். அடுத்த ஞாயிறு எனக்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். இன்றுவரை போகிறார், குடிப்பதில்லை.

அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். முன்பு என் கணவரைப் பற்றி யாராவது கேட்டால் "அவருக்குக் காய்ச்சல்" என்று மறைப்பேன். இப்போது இதே கவலையில் இருக்கும் பெண்களிடம், "ஞாயித்துக்கெழம வாங்க, நானும் கூட வரேன்" என்கிறேன்.

- ஒரு வாசகி, கோலார் தங்க வயல்