பின்னால் ஒலித்த மணி

மாலை ஐந்தே காலுக்கு முதலியார்பேட்டை ரயில்வே கேட் மூடியது. சைக்கிளை விட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த என் மகளைக் காணவில்லை. அவள் நிற்க வேண்டிய இடத்தில் வேறொரு பெண், டியூஷன் பையை மாட்டிக்கொண்டு, ஹேண்டில்பாரில் முழங்கையை ஊன்றியபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நானும் கணவரும் பத்து வயது மகளும் விடுமுறையில் சைக்கிளிலேயே தரங்கம்பாடி போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று நான்காம் நாள், கடைசி நாள். வீடு ஊருக்கு வெளிப்பக்கம், கதிர்காமத்தில். ஆனால் பயணம் கடற்கரைச் சாலையில்தான் முடிய வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். அதற்காகத்தான் ஊருக்குள் நுழைந்தோம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. மெதுவாகப் போனால் போகலாம், தூசியில் மட்டும் ஜாக்கிரதை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கிளம்பினோம். இன்ஹேலர் என் தோள் பையில் இருந்தது.

வழியில் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. முன்னால் போகும் நான் இரண்டு முறை மணி அடிப்பேன். பின்னால் வருகிறவள் பதிலுக்கு இரண்டு முறை அடிப்பாள். கடைசியில் மூட்டை முடிச்சோடு வரும் கணவர் ஒரு முறை. திரும்பிப் பார்த்தால் என் சைக்கிள் நடுரோட்டுக்குச் சாயும், லாரிகள் போகிற சாலையில் அது முடியாது. ஆகவே அந்த நான்கு நாட்களும் நான் என் மகளைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

அரியாங்குப்பத்தில் கணவரின் சைக்கிள் செயின் அறுந்தது. "நீங்க போயிட்டே இருங்க. கடையில குடுத்துப் போட்டுகிட்டு வந்துடறேன்" என்றார். பாலம் தாண்டினோம். பிறகு பஸ்ஸும் ஆட்டோவும் நெருக்கியடிக்கும் சாலை. நான் அடித்தேன், பின்னாலிருந்து பதில் வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் வந்தது. நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"பின்னாடி ஒரு பொண்ணு வந்துதே, சின்ன சைக்கிள்ல. பாத்தியாம்மா?" என்று கேட்டில் நின்ற அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"இல்லியே ஆன்ட்டி. ரொம்ப நேரமா நாந்தான் உங்க பின்னாடி வரேன். நீங்க ரெண்டு அடிச்சீங்க, நானும் ரெண்டு அடிச்சேன். சும்மா வெளாட்டுக்கு." என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "நா வேணா தேடித் தரட்டா? என்னா கலர் டிரெஸ்?"

காலையில் கடலூர் லாட்ஜில் மகளுக்குத் தலை பின்னியது ஞாபகம் இருந்தது. ஈரம் காயாத முடி, நீல ரிப்பன், "வலிக்குதும்மா" என்ற முனகல் எல்லாம் ஞாபகம் இருந்தன. சட்டை மட்டும் நினைவுக்கு வரவே இல்லை.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் மகளும் அப்படித்தான் செய்திருப்பாள்.

பெட்டிக்கடை ஒரு ரூபாய் போனில் கணவரைக் கூப்பிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரிடம்தான் ஒரு செல்போன்.

"என்னங்க, பாப்பா உங்ககிட்ட வந்தாளா?"

"எங்கிட்ட எப்படி? உன் பின்னாடிதானே வந்தா?"

தோள் பையைத் தடவிப் பார்த்தேன்.

"மருந்து யார்கிட்ட இருக்கு?"

"என் பையிலதான்."

அந்தப் பக்கம் சைக்கிள் கடைக்காரர் சுத்தியலால் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கணவர் சொன்னார்: "நீ அங்கேர்ந்து வா. நா இங்கேர்ந்து வரேன். நடுவுலதான் எங்கியாவது நிப்பா."

அந்தக் கணக்கு எனக்கும் சரியாகத்தான் பட்டது. இருப்பது ஒரே சாலை. நான் ஒரு முனையிலிருந்தும் அவர் மறுமுனையிலிருந்தும் வந்தால் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் அகப்பட்டே ஆக வேண்டும். கடைகடையாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களைக் கேட்டேன். சாலையோரம் ஓரிடத்தில் மணல் லாரி ஒன்று சுமையைக் கொட்டிக்கொண்டிருந்தது. புழுதி எழுந்து எனக்கே தொண்டை கமறியது. அதற்கு மேல் நினைக்கப் பயந்து மிதித்தேன்.

பாலத்தின் மேல் அவர் எதிரே வந்தார். தூரத்திலேயே அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் பார்த்தேன். அவர் என் சைக்கிளுக்குப் பின்னால் பார்த்தார். கீழே ஆற்றைப் பார்க்கக்கூடாது என்று கைப்பிடிச் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றேன். இப்போதும் அந்தப் பாலத்தை பஸ்ஸில் கடக்கும்போது மடியைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

வழியில் மணல் கொட்டிக்கொண்டிருந்த லாரியைப் பற்றிச் சொன்னேன். "லாரி கொட்ற எடத்துல பாத்தியா?" என்றார் அவர்.

திரும்பி அங்கே போனோம். சைக்கிளைச் சாலையோரம் சாத்திவிட்டு அவர் ஒரு பக்கச் சந்துகளில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனார். மறுபக்கத்துச் சந்துக்குள் நுழையப் போனேன். உள்ளேயிருந்து ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேலை முடிந்து வந்தவர் போலும், சாப்பாட்டுப் பை இன்னும் தோளில் தொங்கியது. ஒரு சின்ன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரைப் பிடித்தபடி பின்னால் என் மகள். மஞ்சள் சட்டை.

"நீதான் அம்மாவா?" என்றார் அந்த அம்மாள். "நல்லா வந்தீங்க போ. தூசில மூச்சு இழுத்துகிட்டு ஓரமா குந்தினு இருந்துச்சு. பஸ்ஸ வுட்டு எறங்கனதும் பாத்தன். வூட்டுக்கு இட்டும்போயி வெந்நி குடுத்து நிமிந்து ஒக்கார வச்சன். இப்ப தேவல. உன்னப் பாத்தாதான் பயமா கீது. நீ மொதல்ல ஒக்காரு."

நான் உட்காரவில்லை. இன்ஹேலரை எடுத்தேன். மகளே வாங்கித் திறந்து, இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை அடக்கினாள். கணவர் ஓடி வந்து அவள் முதுகில் கை வைத்தார். நான் அவள் முன்னால் மண்ணிலேயே முட்டி போட்டுவிட்டேன்.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேடி. ஏண்டி கூப்புடல?"

மூச்சை விட்டபின் சொன்னாள்.

"கத்துனா இன்னும் இழுக்கும்மா. நீயே திரும்பிப் பாப்பன்னு ஒக்காந்திருந்தேன்."